கோதுமை ஆகாதவர் வீட்டில் கோதுமை எந்த வழியாக நுழைகிறது?



"கோதுமையை அடியோடு விட்டுவிடுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீங்களும் விட்டுவிட்டீர்கள். சப்பாத்தி இல்லை, பரோட்டா இல்லை, ரவை உப்புமா இல்லை, பிள்ளைக்கு பிஸ்கோத்துகூட இல்லை. ஆனாலும் வயிற்றுப்போக்கு முழுசாக நிற்கவில்லை. வயிறு உப்புகிறது. உடம்பு தேறவில்லை. "நாங்க சோறுதானே சாப்பிடறோம், இன்னும் எங்கிருந்து வருது கோதுமை?" என்று நீங்கள் கேட்கிறீர்கள்.

நியாயமான கேள்வி. கோதுமை வாசல் வழியாக மட்டும் வருவதில்லை. கொல்லைப்புறம் வழியாகவும் வரும். அந்த வழியைக் கண்டுபிடித்து அடைப்பது எப்படி என்று சொல்லவே இந்த வெளியீடு.

இது என்ன நோய்?

கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் போட்டுக் கசக்கிக் கழுவிப் பாருங்கள். மாவுப்பால் கரைந்து போனபின் கையில் ரப்பர் மாதிரி இழுபடும் ஒரு பசை மிஞ்சும். அதற்குத்தான் குளூட்டன் என்று பெயர். அது ஒரு புரதச் சத்து. கோதுமையில் மட்டுமல்ல, பார்லியிலும், ரை என்ற தானியத்திலும் இந்த வகைப் புரதம் உண்டு.

பெரும்பாலோருக்கு இது ஒன்றும் செய்யாது. ஆனால் பிறவியிலேயே அதற்கான உடல்வாகு உள்ள சிலருக்கு, இந்தப் புரதம் குடலுக்குள் போனதும் உடம்பின் காவல் சக்தி தன் குடலையே தாக்கத் தொடங்கிவிடுகிறது. சிறுகுடலின் உள்ளே, கம்பளித் துணியின் மயிர் போல, நுண்ணிய விரல்கள் உண்டு. சாப்பிட்ட சத்தை உறிஞ்சுவது அவைதான். அவை தேய்ந்து மழுங்கிப் போகின்றன. அப்புறம் எத்தனை நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான். இதற்கு சீலியாக் நோய் என்று பெயர்.

இந்த நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று கண்டவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1944-45 குளிர்காலத்தில், போரினால் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. எல்லோரும் வாடியபோது இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி நோய் வந்தது. அதற்கு முன்பே அவருக்கு இருந்த சந்தேகம் இதனால் வலுத்தது. 1950-ல் தம் ஆராய்ச்சியை எழுதி வெளியிட்டார்.

நம் நாட்டில் 2016-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய பகுதிகளில் 23,000-க்கும் அதிகமான பெரியவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாக நோயின் அடையாளம் தெரிந்தது. தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர். நம் பக்கம் அபூர்வம்தான். ஆனால் அபூர்வமாக இருப்பதாலேயே யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

குடும்ப நலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் உண்டு. சத்து ஏறாத குழந்தை வளராது. எடை கூடாது, உயரம் கூடாது. பெரியவர்களுக்கு இரும்புச் சத்து மாத்திரை மாதக்கணக்காகச் சாப்பிட்டும் ரத்தசோகை தீராது. பெண்களுக்கு வயதுக்கு வருவது தாமதப்படலாம். கரு தங்காமல் போவது, திரும்பத் திரும்பக் கலைவது, எடை குறைந்த பிள்ளை பிறப்பது ஆகியவையும் கவனிக்கப்படாத சீலியாக் நோயோடு சேர்ந்து காணப்படுகின்றன.

கரு கலைவதற்குக் காரணங்கள் பல உண்டு. எல்லாவற்றுக்கும் கோதுமை மேல் பழி போடக் கூடாது. அதைவிட முக்கியம், மருமகள் மேல் பழி போடக் கூடாது. "இவ ராசி அப்படி" என்ற பேச்சை நிறுத்திவிட்டு, இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்துக்கொள்வதே அறிவு.

ஒருவருக்கு இந்த நோய் உறுதியானால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரையும் சோதிக்க வேண்டும். இவர்களில் நூற்றுக்கு 7 முதல் 10 பேருக்கு நோய் இருக்க வாய்ப்புண்டு.

எவ்வளவு பட்டால் கெடுதல்?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். "ஒரு துளி பட்டால் என்ன ஆயிடும்?" என்பார்கள். 2007-ல் இத்தாலி நாட்டில் ஒரு சோதனை நடத்தினார்கள். நோய் அடங்கியிருந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மட்டும் மூன்று மாதம் கொடுத்தார்கள். அதற்கே குடல் மறுபடி கெட்டது. பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பாதகமில்லை என்பது இன்றைய கணக்கு.

10 மில்லிகிராம் என்றால் எவ்வளவு? ஒரு சிட்டிகைக்கும் குறைவான மைதா மாவு. தோசைக்கல்லில் ஒட்டியிருக்கும் சப்பாத்தி மாவு போதும். மில்லில் முன்னால் அரைத்தவருடைய மாவு கொஞ்சம் போதும்.

வேக வைத்தாலும், பொரித்தாலும், புளிக்க வைத்தாலும் இது அழியாது. நெருப்பில் சாகும் கிருமி அல்ல இது.

ஒரே ஒரு விதி

நூறு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்:

தானியத்தைக் கழுவலாம். மாவைக் கழுவ முடியாது.

அரிசியில் நாலு கோதுமை மணி கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். பொறுக்கி எறியலாம். மேலே படிந்த தூசியைக் களைந்து ஊற்றலாம். அதே தானியம் மாவாகிவிட்டால், அதில் என்ன கலந்தது என்று கண்ணாலும் காண முடியாது, கையாலும் எடுக்க முடியாது.

அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, ஜவ்வரிசி, பருப்பு வகை எதிலும் இயற்கையில் குளூட்டன் இல்லை. ஆனால் கலப்படாமல் கைக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. 2010-ல் அமெரிக்காவில், இயற்கையில் குளூட்டன் இல்லாத தானியம், விதை, மாவு என்று 22 பாக்கெட்டுகளைச் சோதித்தார்கள். அவற்றில் 7 பாக்கெட்டுகளில் அளவுக்கு மேல் குளூட்டன் இருந்தது. வயலிலோ, கிடங்கிலோ, மில்லிலோ கலந்ததுதான்.

ஆகையால் முழுசாக வாங்குங்கள், பொறுக்குங்கள், கழுவுங்கள், காய வையுங்கள், வீட்டிலேயே அரையுங்கள்.

துப்புத் துலக்கும் முறை

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எழுதத் தெரிந்தவர் எழுதலாம், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதலாம். இரண்டு வாரத்துக்கு, நோயாளியின் வாய்க்குள் போன எல்லாவற்றையும் எழுதுங்கள். டீக்கடையில் கடித்த ஒரு வடை, கோயிலில் வாங்கிய பிரசாதம், சாப்பிட்ட மாத்திரை உட்பட ஒன்றும் விடக் கூடாது. பக்கத்தில் உடம்பு எப்படி இருந்தது என்று குறியுங்கள். தொந்தரவு சில மணி நேரத்திலும் வரலாம், ஒன்றிரண்டு நாள் கழித்தும் வரலாம். ஆகவே முந்தின இரண்டு நாளையும் சேர்த்துப் பாருங்கள்.

பிறகு ஒவ்வொரு பொருளையும் நிறுத்தி நாலு கேள்வி கேளுங்கள்:

1. இதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது?
2. இதை எங்கே அரைத்தார்கள்?
3. எந்தப் பாத்திரத்தில், எந்த எண்ணெயில் செய்தார்கள்?
4. யார் கை பட்டது? அந்தக் கை அதற்கு முன் எதைத் தொட்டது?

நாலுக்கும் பதில் தெரிந்தால் அந்தப் பொருள் பாஸ். ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் சந்தேகப் பட்டியலில் எழுதுங்கள்.

அடுத்து, நாலு முதல் ஆறு வாரம் சந்தேகமில்லாத சாப்பாடு மட்டும் கொடுங்கள்: களைந்த அரிசிச் சோறு, கழுவிய பருப்பு, காய், கீரை, முட்டை, மீன், வீட்டு இட்லி, வாழைப்பழம். உடம்பு அமைதியானபின், வாரத்துக்கு ஒரு பொருளாகத் திரும்பச் சேர்க்கலாம். ஒரே நாளில் நாலு பொருள் சேர்த்தால் எது குற்றவாளி என்று தெரியாது. தெரிந்தே கோதுமை தின்று சோதித்துப் பார்க்கக் கூடாது.

எங்கெங்கே தேடுவது?

மாவு மில்: கிராமத்தில் முதல் சந்தேகம் இதன் மேல்தான். ஒரே மெஷினில் கோதுமையும் அரைப்பார்கள், கேழ்வரகும் அரைப்பார்கள். கல்லுக்கு இடையிலும் துணிப் பையிலும் முன்னவர் மாவு நிற்கும். அது உங்கள் மாவோடு இறங்கும். மிளகாய், மல்லி அரைக்கும் மெஷினிலும் இதே கேள்வி உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள்: "அண்ணே, எங்களுக்கு முன்னாடி இதுல என்ன அரைச்சீங்க?" முதலில் நம் அரிசியைக் கொஞ்சம் ஓட்டி அந்த மாவை மாட்டுக்குக் கொடுத்துவிட்டால் கலப்பு குறையும். ஆனால் அடியோடு போகாது. ரொம்பவும் ஒவ்வாமை உள்ளவருக்கு மில் மாவே வேண்டாம். திருகை, உரல், மிக்ஸி ஏதாவது ஒன்றில் வீட்டில் அரையுங்கள்.

ரேஷன் கடை, மளிகைக் கடை: கோதுமை அளந்த தட்டிலேயே அரிசியும் அளப்பார்கள். முழு அரிசி என்றால் கவலை இல்லை, பொறுக்கிக் களைந்தால் போதும். சில்லறையாக அள்ளிப் போடும் கடலை மாவு, அரிசி மாவு, கேழ்வரகு மாவு வாங்காதீர்கள். மைதா டப்பாவில் போட்ட கரண்டி அதிலும் விழுந்திருக்கும். இன்னொன்று: சம்பா அரிசி வேறு, சம்பா கோதுமை வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் மாறிவிட வேண்டாம். கேழ்வரகு சேமியா என்று விற்பதில் கோதுமையும் கலந்திருப்பது உண்டு.

அஞ்சறைப் பெட்டி: இங்கே ஒளிந்திருப்பது பெருங்காயம். சுத்தமான பெருங்காயப் பிசின் மிகக் காரம். அதனால் கடையில் விற்பதில் மாவும் கோந்தும் சேர்ப்பார்கள். அந்த மாவு பல நேரங்களில் கோதுமை மாவு அல்லது மைதாதான். சிட்டிகைதான் போடுகிறோம், குழம்பில் பிரிந்தும் போகிறது. ஆனாலும் சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் என்று தினமும் சேர்வதால் சந்தேகப் பட்டியலில் இருக்கட்டும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைத்தால் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ரசத்துக்குப் பூண்டு தட்டிப் போடுங்கள்.

அடுப்படி: சர்க்கரை நோய் உள்ள பெரியவருக்கு ராத்திரி சப்பாத்தி போடும் வீடுகள் இன்று ஏராளம். அமாவாசை, கிருத்திகை என்று சோற்றை விட்டு ரவை உப்புமா கிண்டுவதும் உண்டு. அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் சப்பாத்திக்கல் வேறு, தோசைக்கல் வேறு இருக்கட்டும். சல்லடை, பூரிக்கட்டை, பலகை, மரக் கரண்டி ஆகியவற்றின் இடுக்கில் போன மாவு கழுவினாலும் முழுசாகப் போகாது. நோயாளிக்கென்று தனியாக வைத்து நூல் கட்டி அடையாளம் செய்யுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தை சோப்புப் போட்டுத் தேய்த்தால் போதும். நோயாளியின் சமையலை முதலில் முடித்து மூடி வைத்துவிட்டு, அப்புறம் கோதுமை மாவைச் சலியுங்கள். மாவுத் தூசி பறந்து போய்த் திறந்த சட்டியில் விழும்.

பாக்கெட் பொருள்கள்: மால்ட் சேர்ந்த பானங்கள் பார்லியிலிருந்தோ கோதுமையிலிருந்தோ வருபவை. "சத்து பானம்" என்று இளைத்த பிள்ளைக்கு ஆசையாகக் கொடுப்பதே விஷமாகலாம். முளைகட்டிய கேழ்வரகு மாவுக்கும் மால்ட் என்ற பெயர் உண்டு. அதில் குளூட்டன் இல்லை. ஆகவே எதன் மால்ட் என்று கேளுங்கள். சத்துமாவில் கோதுமை சேர்ப்பது வழக்கம். அங்கன்வாடியில் வாங்கும் மாவையும் பணியாளரிடம் காட்டிக் கேளுங்கள். பாக்கெட்டில் கோதுமை, வீட், ஆட்டா, மைதா, சுஜி, ரவை, பார்லி, மால்ட் என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். குளூட்டன் இல்லை என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். மருந்து மாத்திரையைப் பற்றி மருந்தாளுநரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

டீக்கடை, ஓட்டல், பந்தி: பரோட்டா போட்ட கல்லில் தோசை. மைதா போண்டா பொரித்த எண்ணெயில் உளுந்து வடை. முறுகலாக வர தோசை மாவில் ரவை. பந்தியில் சேமியாப் பாயசக் கரண்டி. கேசரியும் ரவைதான், அல்வாவும் கோதுமைப் பால்தான். பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டில் மற்றவருக்குக் கொடுத்துவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

மாட்டுத் தொழுவம்: மாட்டுக்குக் கோதுமைத் தவிடு கலக்குகிறீர்களா? பாலில் குளூட்டன் வராது. ஆனால் தவிட்டுத் தூசி கையிலும் வாயிலும் வரும். நோயாளி அந்த வேலையைச் செய்ய வேண்டாம். செய்தவர் கை கழுவிவிட்டுப் பால் கறக்கட்டும்.

ஒரு உதாரணம்

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மனைவிக்கு நோய். ஆறு மாதமாகக் கோதுமை தொடவில்லை. ஆனால் வாரத்தில் மூன்று நாள் வயிறு கெடுகிறது. நோட்டைப் புரட்டினால், கெட்ட நாள்களுக்கு முன்னால் எல்லாம் கேழ்வரகுக் களி இருக்கிறது.

"அப்ப கேழ்வரகுதாங்க எனக்கு ஒத்துக்கல" என்கிறாள் மனைவி.

"பொறு புள்ள. கேழ்வரகா, அரைச்ச இடமான்னு பாப்போம்" என்கிறார் கணவர்.

அடுத்த முறை கேழ்வரகைப் பொறுக்கி, கழுவி, காய வைத்து, வீட்டுத் திருகையில் அரைக்கிறார்கள். அரைத்துக் கொடுப்பது கணவர்தான். அதே களி, இரண்டு வாரம் சாப்பிட்டும் தொந்தரவில்லை. அப்போது குற்றம் கேழ்வரகின் மேல் அல்ல, மில்லின் மேல். நோட்டு இல்லாமல் இருந்தால் என்ன நடந்திருக்கும்? ஏழை வீட்டில் இருக்கிற சத்தான ஒரு தானியத்தையும் விட்டுவிட்டிருப்பார்கள்.

துப்புத் துலக்குவதன் பயன் இதுதான். எதை விட வேண்டும் என்பது மட்டும் அல்ல, எதை விட வேண்டியதில்லை என்பதும் தெரியும். பயந்து எல்லாவற்றையும் விட்டவர் கோதுமையால் அல்ல, பட்டினியால் மெலிவார்.

சில சந்தேகங்கள்

டாக்டரிடம் போகாமல் நாங்களே கோதுமையை நிறுத்திப் பார்க்கலாமா?
கூடாது. முதலில் டி.டி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனை. தேவைப்பட்டால் குழாய் விட்டுக் குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். கோதுமையை முன்னாலேயே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் சோதனையில் தெரியாமல் போகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கிச் செல்லுங்கள்.

எல்லா வழியையும் அடைத்தும் வயிறு கெடுகிறதே?
அப்போது கோதுமையை விட்டு வேறு பக்கம் பாருங்கள். பூச்சி, சீதபேதி, கெட்ட தண்ணீர் எதுவும் காரணமாகலாம். குடல் புண்பட்டிருக்கும் காலத்தில் பால் ஜீரணமாகாது. குடல் ஆறினபின் பலருக்குப் பால் மறுபடி ஒத்துக்கொள்ளும். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், வேகமாக எடை குறைதல் இருந்தால் நோட்டை மூடிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

தொந்தரவே இல்லை, ஆனால் அவ்வப்போது கொஞ்சம் சாப்பிடுகிறார். பரவாயில்லையா?
பரவாயில்லை என்று சொல்ல முடியாது. சிலருக்கு வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே குடல் கெடும். அதனால்தான் ஆறு மாதத்தில் ஒரு தடவையும், ஒரு வருஷத்தில் ஒரு தடவையும் ரத்தம் சோதிக்கச் சொல்கிறோம். சோதனையில் அளவு இறங்காவிட்டால், இன்னும் ஏதோ ஒரு வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அளவு இறங்கிவிட்டது என்பதாலேயே எல்லா வழியும் அடைபட்டதென்று எண்ணிவிடாதீர்கள். சிறு கலப்பு சில நேரம் இந்தச் சோதனைக்கு அகப்படாது. நோட்டைக் கைவிட வேண்டாம்.

எப்போது குணமாகும்?
இதற்கு மருந்து சாப்பாடுதான், அதுவும் ஆயுள் முழுக்க. குழந்தைகளின் குடல் சீக்கிரம் ஆறும். பெரியவர்களுக்கு இரண்டு வருஷமும் அதற்கு மேலும் ஆகலாம். பிள்ளை பெற நினைக்கும் தம்பதியர், ரத்தசோகை தீர்ந்து குடல் ஆறும் வரை பொறுத்திருக்கலாமா என்று டாக்டரிடம் கலந்து பேசுங்கள். அதுவரை தகுந்த கருத்தடை முறையைக் கிராம சுகாதார செவிலியர் சொல்லுவார்.

கடைசியாக ஒன்று

இந்தக் காவலை மனைவி தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள். மில்லுக்கும் கடைக்கும் போவது பெரும்பாலும் கணவர். நோய் கணவருக்கு என்றால், டீக்கடைப் பலகாரத்தை விட வேண்டியவர் அவரே. மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். "ஒரு வாய்தானே, சாப்பிடு" என்று ஊட்டும் அன்புதான் பல வீடுகளில் கோதுமை நுழையும் கடைசி வழி.

நம் ஊரில் இந்த நோய் உள்ளவருக்கு ஒரு நல்ல காலம் உண்டு. சோறும், இட்லியும், கூழும், களியும் நம் சாப்பாடு. வடக்கே ரொட்டி தின்று வளர்ந்தவர் படும் பாடு நமக்கு இல்லை. கொஞ்சம் கண் திறந்து பார்த்தால் போதும்.

இந்த வெளியீட்டைப் படித்து முடித்ததும் பக்கத்து வீட்டாருக்குக் கொடுங்கள். நோட்டை எழுதத் தொடங்குங்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, இருவரும் சேர்ந்து அதை எடுத்துச் செல்லுங்கள்.